வயது கடந்து வெளிநாட்டில் படிக்க எந்த ஆங்கிலத் தேர்வு எழுதுவது?

திருவண்ணாமலை போன்ற ஊர்களில் தமிழ் வழியில் பள்ளிப்படிப்பை முடித்து, வேலை, திருமணம், பிள்ளைகள் என்று பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய பிறகு வெளிநாட்டில் படிக்க விரும்பும் சகோதர சகோதரிகள் நம்மிடையே உண்டு. பிரிட்டனில் 21 வயதைக் கடந்து இளநிலைப் பட்டப்படிப்பில் சேருபவர்களை 'முதிர் மாணவர்' என்றே தனியாகக் கணக்கிடுகிறார்கள். வயதைப் பார்த்து யாரும் கதவைச் சாத்துவதில்லை. ஆனால் ஆங்கிலத் தேர்வில் வயதுச் சலுகை கிடையாது.

பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கில மதிப்பெண்ணையே ஏற்றுக்கொள்ளும் பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அது பெரும்பாலும் அண்மையில் பள்ளி முடித்தவர்களுக்கே உதவும். பழைய மதிப்பெண் பட்டியலை வைத்திருப்பவர் தேர்வு எழுத வேண்டியதுதான்.

எந்தத் தேர்வு என்பதில்தான் குழப்பம். 1989இல் தொடங்கிய ஐஇஎல்டிஎஸ் 9 புள்ளி அளவில் மதிப்பிடுகிறது. பிடிஇ 10 முதல் 90 வரை, டுவோலிங்கோ 10 முதல் 160 வரை. டோஃபலோ 120 புள்ளி அளவிலிருந்து 2026 ஜனவரியில் 6 புள்ளி அளவுக்கு மாறிவிட்டது. இவற்றை ஒப்பிட 2001இல் ஐரோப்பிய கவுன்சில் வெளியிட்ட ஏ1 முதல் சி2 வரையிலான ஆறு படிநிலைகள் பயன்படுகின்றன. அந்த ஒப்பீடு தோராயமானதே. எந்தத் தேர்வை ஏற்பது, எத்தனை மதிப்பெண் கேட்பது என்பது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் முடிவு. பயிற்சி மையம் சொல்வதை நம்பிப் பணம் கட்டாமல், பல்கலைக்கழகத்துக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள் என்றுதான் நாம் சொல்வோம்.

பிரிட்டனில் பட்டப்படிப்புக்குக் கீழான படிப்பு என்றால் 'ஐஇஎல்டிஎஸ் ஃபார் யுகேவிஐ' போன்ற, அந்நாட்டு அரசு ஏற்ற தேர்வே செல்லும். வினாத்தாள் அமைப்பு ஒன்றாக இருந்தாலும் சாதாரண ஐஇஎல்டிஎஸ் சான்றிதழ் அங்கே பயன்படாது. இது தெரியாமல் எழுதினால் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் வீண்.

தேர்வுக்குப் பாஸ்போர்ட் அவசியம். விண்ணப்பத்திலும் அதிலுள்ள பெயரே இருக்க வேண்டும். தந்தை பெயர், இனிஷியல், எழுத்துக்கூட்டு என்று நம் வீட்டு ஆவணங்களில் ஆளுக்கொரு விதமாக இருப்பதை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள். முகத்திரை அணிபவர்கள் அடையாளம் பார்க்கப் பெண் அலுவலர் வேண்டுமென முன்கூட்டியே கேட்டுவைப்பது நல்லது. தேர்வு முடிவு இரண்டு ஆண்டுகளே செல்லும்.

வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்களுக்குப் பேச்சும் கேட்டலும் பெரும்பாலும் எளிது; எழுத்துதான் காலை வாரும். ஐஇஎல்டிஎஸ் அகாடமிக்கில் 60 நிமிடத்தில் இரண்டு பகுதிகள் எழுத வேண்டும். 250 சொல் கட்டுரைக்கு, 150 சொல் பகுதியைப் போல இருமடங்கு மதிப்பு. மொத்தம் 6.5 வந்தும் எழுத்தில் 5.5 என்றால் இடம் மறுக்கப்படலாம். ஒரு பகுதியை மட்டும் 60 நாட்களுக்குள் மீண்டும் எழுதும் வசதி கணினித் தேர்வில் உண்டு. அந்த முடிவை எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏற்பதில்லை என்பதால், அதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.