கம்பெனிக்காரர்கள் மலையேறிய கதை

சாரல் தொடங்கிவிட்டால் சனிக்கிழமைதோறும் குற்றாலம் சாலையில் வேன்கள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். முன்கண்ணாடியில் ஒரு கம்பெனியின் பேனர், உள்ளே எல்லோருக்கும் ஒரே நிற டி-ஷர்ட். முன்பெல்லாம் அருவியில் குளித்து, பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். இப்போது வருகிறவர்கள், "இங்கே ஜீப் சஃபாரி உண்டா சார்?" என்று கேட்கிறார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளும் தங்கள் டீமுக்காக இதையே போனில் விசாரிக்கிறார்கள். வங்கியில் எங்களுக்கு எல்.எஃப்.சி. உண்டு, அது குடும்பத்தோடு போவது. மேனேஜரோடு காட்டுக்குப் போய் ஒற்றுமை வளர்ப்பது எங்கள் காலத்தில் இல்லை.

ஆனால் இதற்கு முன்கதை உண்டு. குற்றாலத்துக்குக் கூட்டமாக வந்த முதல் கம்பெனி கிழக்கிந்தியக் கம்பெனி. 18ஆம் நூற்றாண்டு முடிகிற சமயத்தில் இங்கே ஜாதிக்காய், கிராம்பு, பட்டைத் தோட்டங்கள் போட்டார்கள். வெயில் தாங்காத துரைமார் சீசனுக்கு இங்கே வந்து தங்கிப் பழகினார்கள். ராபர்ட் வைட் போன்ற தாவரவியலாளர்கள் இந்த மலையில் செடிகொடிகளைச் சேகரித்தார்கள்.

துரைமாருக்குக் காடு என்றால் வேட்டையும்தான். வைஸ்ராயும் மகாராஜாவும், கலெக்டரும் ஜமீன்தாரும் நெருங்கிப் பழகி, காரியம் பேசி முடிக்க வேட்டை முகாம் நல்ல இடம். 1911 டிசம்பரில் டெல்லி தர்பார் முடிந்ததும் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரை நேபாள அரசு விருந்தாளியாக அழைத்துக்கொண்டு போனது. பத்து நாளில் 39 புலிகள் சுடப்பட்டன. விருந்து உபசாரம் என்ற பெயரில் நடந்த அரசியல் அது. இன்றைய டீம் அவுட்டிங்குக்குத் தாத்தா இந்த முகாம்தான் என்பது என் கட்சி. சஃபாரி என்ற சொல் ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியிலிருந்து வந்தது. பயணம் என்றுதான் பொருள். நம் பக்கத்து இஸ்லாமியப் பெரியவர்கள் சொல்லும் 'சஃபர்' அதற்கு மூலமான அரபுச் சொல்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டையை நிறுத்தியது. துப்பாக்கி போய்க் கேமரா வந்தது. நம் மலையில் முண்டந்துறை 1962இலேயே சரணாலயம் ஆகியிருந்தது. 1976இல் சிங்கவால் குரங்கைக் காப்பாற்ற களக்காடு. இரண்டையும் சேர்த்து 1988இல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இதுதான். 2015இல் இன்றைய தென்காசி மாவட்டத்து மலைச்சரிவும் நெல்லை வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வந்தது.

அப்படியானால் முதுமலையில் வனத்துறை வேன் ஓடுவதுபோல இங்கேயும் ஓட்டினால் என்ன? காடு வேறு என்பதே பதில். முதுமலையில் இலையுதிர் காடு அதிகம்; சாலையோரத்திலேயே மான் மேயும். நம் மலையின் மேற்பகுதி பசுமைமாறாச் சோலை. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. சிங்கவால் குரங்கு மரத்தின் உச்சியில் இருக்கும்; பத்துப் பேர் சத்தம் போட்டுக்கொண்டு வந்தால் போய்விடும். ஜீப்பில் உட்கார்ந்து பார்க்க வேண்டுமானால் காட்டை வெட்டிச் சாலை போட்டால்தான் உண்டு. யானையோ கேட்காமலேயே வருகிறது. வடகரை, மேக்கரைப் பக்கம் தென்னையும் வாழையும் வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சஃபாரிக்குப் போவதில்லை. சஃபாரிதான் அவர்கள் தோப்புக்கு வருகிறது, நஷ்டம் அவர்கள் கணக்கில். மேலே வண்டிச் சத்தம் கூடினால் யானை எந்தப் பக்கம் இறங்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

கூட்டமாகப் போவதன் ஆபத்துக்கு உதாரணம் தேடி ஆப்பிரிக்கா போக வேண்டாம். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்தது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத் தீயில் மலையேறப் போன 20க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அது கம்பெனி ஏற்பாடு இல்லை, ஆனால் போனவர்களில் ஐ.டி. ஊழியர்கள் உண்டு. மார்ச் மாதக் காய்ந்த புல் எப்படி எரியும் என்பது மலையடிவாரத்துக்காரர்களுக்குத் தெரியும். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல ஆள் வேண்டும். அதன்பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் போட்டது.

அதே தேக்கடியில் நல்ல உதாரணமும் இருக்கிறது. பெரியாறு காப்பகத்தில் திருட்டுத்தனமாக வயணப்பட்டை உரித்து விற்றவர்களை 1990களின் கடைசியில் அழைத்துப் பேசி, வழிகாட்டிகளாக ஆக்கினார்கள். காட்டின் ஒவ்வொரு தடமும் தெரிந்தவர்கள் அவர்கள். சிறு குழுவைக் கால்நடையாக அழைத்துப் போகிறார்கள், கூடவே திருட்டு வேட்டையையும் கண்காணிக்கிறார்கள். வருமானம் ஊருக்குள் தங்குகிறது. என் பார்வையில் பத்து ஜீப் வாங்குவதைவிட இது கெட்டிக்காரத்தனமான முதலீடு.

நம் ஊரிலும் வழி இல்லாமல் இல்லை. 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகள் உண்டு. குற்றாலம் செண்பகாதேவி அதில் ஒன்று. ஆன்லைனில் முன்பதிவு செய்து, கட்டணம் கட்டி, வழிகாட்டியோடு நடந்து போக வேண்டும். பிள்ளைகள் போன் செய்தால் இதைச் சொல்லுங்கள். டீமில் 40 பேர் என்றால் ஒரே நாளில் எல்லோரையும் ஏற்ற வேண்டாம், பிரித்துப் போகச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் பெட்டி வேனிலேயே இருக்கட்டும்.