ஒரு வெயிட்டரின் கேள்வி

உயர்தரம் படித்த காலத்தில் கருத்தரங்குகளில் நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கதை ஒன்று உண்டு: பில் கேட்ஸ் கம்பஸை இடையில விட்டிட்டுப் போய்ப் பெரிய பணக்காரர் ஆனவர். அந்தக் கதை சொன்ன எவரும் பான்கேக் பற்றிச் சொன்னதில்லை.

பான்கேக்கை நாங்கள் ரொட்டி எண்டே வைத்துக்கொள்வோம். தட்டில் பத்து ரொட்டி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. பெரியது அடியிலும் சின்னது மேலேயும் வர வேண்டும். மேலிருந்து விரும்பியளவு ரொட்டியை அள்ளி அப்படியே கவிழ்த்து வைக்கலாம். நடுவிலிருந்து ஒன்றை உருவ ஏலாது. எத்தனை தரம் கவிழ்த்தால் போதும்?

1975இல் 'அமெரிக்கன் மெதமெட்டிக்கல் மந்த்லி' இதழில் இதைக் கேட்டவர் பெயர் ஹாரி ட்வெய்ட்டர். அப்படி ஒரு ஆளே இல்லை. பெயரை வேகமாகச் சொன்னால் ஆங்கிலத்தில் 'அல்லாடும் வெயிட்டர்' எண்டு கேட்கும். ஜேக்கப் குட்மன் என்ற கணிதவியலாளர் வைத்துக்கொண்ட புனைபெயர் அது.

எல்லோருக்கும் தோன்றுகிற வழி ஒன்று இருக்கிறது. மிகப் பெரிய ரொட்டி வரைக்கும் அள்ளிக் கவிழ்த்தால் அது உச்சிக்கு வரும். பிறகு முழு அடுக்கையும் கவிழ்த்தால் அடிக்குப் போய்விடும். மிச்சத்துக்கும் இதே வேலைதான். பத்து ரொட்டிக்கு இப்படிக் கூடியது 17 தரம் பிடிக்கும். ஆனால் எவ்வளவு குழம்பிக் கிடந்தாலும் 11 தரத்தில் அடுக்க வழி இருக்கிறது.

ஹார்வர்டில் ஹாரி லூயிஸின் வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்ட மாணவர்தான் கேட்ஸ். அவர் கண்டுபிடித்த வழியில் நூறு ரொட்டிக்கு 168 தரம் போதும். பழைய வழிக்கு 197 தேவை. அங்கே கற்பித்த கிறிஸ்டோஸ் பாப்பாடிமிட்ரியூவுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1979இல் வெளிவந்தது. அதற்குள் அவர் படிப்பை விட்டு மைக்ரோசொஃப்டைத் தொடங்கியிருந்தார். அவருடைய எல்லையைக் குறைக்கக் கிட்டத்தட்ட முப்பது வருடம் சென்றது. 2008இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகக் குழுவொன்று அதைச் செய்தது. எத்தனை ரொட்டிக்கும் பொருந்தும் சரியான சூத்திரம் இன்றைக்கும் கிடைக்கவில்லை.

இதெல்லாம் வெறும் விளையாட்டா? 1988இல் ஜெஃப்ரி பாமரும் லோரா ஹெர்பனும் கோவாவினதும் டர்னிப்பினதும் இழைமணி மரபணுக்களை ஒப்பிட்டார்கள். மரபணுக்கள் ஏறக்குறைய ஒன்றே. அவை நிற்கும் வரிசைதான் வேறு. துண்டுகள் தலைகீழாகத் திரும்பித் திரும்பித்தான் ஒன்று மற்றதிலிருந்து விலகியிருக்கிறது. இங்கே நடுத்துண்டும் திரும்பும் என்பது மட்டுமே வித்தியாசம். இரண்டு உயிர்களுக்கு இடையில் எத்தனை புரட்டல் எண்டு எண்ணினால், அவை எவ்வளவு தூரத்து உறவு என்பதை மதிப்பிடலாம். வெயிட்டரின் கேள்வி உயிரியலுக்குள் வந்து நின்றது இப்படித்தான்.

கருத்தரங்கில் எங்களுக்குச் சொன்னது விட்டுப்போன கதையை மட்டும்தான். போவதற்கு முன்னால் அந்த மாணவன், பரீட்சைக்கு வராத, முழு விடையும் இல்லாத ஒரு கேள்வியோடு மினக்கெட்டிருக்கிறான். பாஸ்பேப்பரில் இல்லாததைக் கேட்டால் 'இது சோதினைக்கு வராது, விடு' எண்டு கேட்டே வளர்ந்த எங்களுக்கு, அந்தப் பாதிக் கதைதான் தேவைப்பட்டது.

அடுத்த முறை வீட்டில் ரொட்டி சுட்டால், அஞ்சை எடுத்துக் குழப்பி அடுக்கிப் பாருங்கோ. அஞ்சு தரத்துக்குள் முடிக்க ஏலும்.