சில்லறை வணிகத் தொழினுட்பம் (தமிழ்நாடு)

சில்லறை வணிகத் தொழினுட்பம் என்பது நுகர்வோருக்கு நேரடியாகப் பொருள் விற்கும் கடைகள் பணம் பெறவும், இருப்புக் கணக்கு வைக்கவும், வீடுகளுக்குப் பொருள் அனுப்பவும் பயன்படுத்தும் கருவிகளையும் மென்பொருட்களையும் குறிக்கும். தமிழ்நாட்டின் பேரங்காடிகள் இவற்றை முன்னரே கையாண்டு வந்தன. மளிகைக் கடை, காய்கறிக் கடை, தேநீர்க் கடை போன்ற சிறு கடைகளில் இவற்றின் பயன்பாடு 2020-இல் தொடங்கிய கோவிட்-19 பெருந்தொற்றுக்குப் பின்னரே விரைந்து பரவியது. செலவு குறைந்தனவும், கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான பழைய உறவைக் குலைக்காதனவுமே அவற்றில் பெரும்பாலும் நிலைபெற்றன.

பின்னணி

இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2016-இல் யுபிஐ என்னும் பணப்பரிமாற்ற முறையை அறிமுகப்படுத்தியது. அவ்வாண்டு நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டமை இதன் பரவலுக்கு முதல் தூண்டுதலாக அமைந்தது. யுபிஐ வழிப் பெறும் தொகைக்கு வணிகர் செலுத்த வேண்டிய கட்டணம் 2020 சனவரி 1 முதல் நீக்கப்பட்டது. எனவே, அச்சிட்ட க்யூஆர் குறியீட்டு அட்டை ஒன்றே கடைக்காரருக்குப் போதுமானதாயிற்று.

பொது முடக்கக் காலம்

2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் பொது முடக்கம் நடைமுறைக்கு வந்தது. நோய்த்தொற்றுப் பரவலால் அவ்வாண்டு மே 5 அன்று சென்னைக் கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, காய்கறி மொத்த வணிகம் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. இரண்டாம் அலையின்போது, 2021 மே 24 முதல் தமிழ்நாட்டில் தளர்வுகளற்ற முழு முடக்கம் விதிக்கப்பட்டது. மே 31 முதல் மளிகைக் கடைகள் தொலைபேசி, இணையம் வழியாகக் கேட்கப்படும் பொருட்களைக் காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை வீடுகளுக்கே கொண்டு சென்று வழங்க அரசு அனுமதித்தது. தாளில் எழுதிய மளிகைப் பட்டியலைப் படமெடுத்து வாட்சப்பில் அனுப்பும் வழக்கம் இக்காலத்தில் வலுப்பெற்றது.

தெருவோர வணிகருக்கு 10,000 ரூபாய் கடன் வழங்கும் நடுவண் அரசின் திட்டம் 2020 சூனில் தொடங்கப்பட்டது. மின்வழியில் பணம் பெறும் வணிகருக்கு இதில் ஊக்கத்தொகையும் அளிக்கப்பட்டது.

தென்காசி, குற்றாலம் பகுதி

தென்காசி மாவட்டத்திலுள்ள இலஞ்சி, குற்றாலத்துக்கு அருகில் அமைந்த பேரூராட்சியாகும். இப்பகுதிக் கடைகளுக்கு ஊர் மக்கள், சாரல் காலத்தில் வரும் சுற்றுலாப் பயணிகள் என இருவகை வாடிக்கையாளர் உள்ளனர். 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளின் சாரல் காலத்திலும் அருவிகளில் குளிக்கத் தடை இருந்தது. ஊர் மக்களுக்கு விற்கும் கடைகள் தொலைபேசியின் துணையுடன் வணிகத்தைத் தொடரக்கூடியனவாக இருந்தன. பயணிகளை மட்டுமே நம்பிய கடைகளுக்கோ எத்தொழினுட்பமும் மாற்றாகவில்லை.

இம்மாவட்டத்தின் மத்தளம்பாறையில் அலுவலகம் கொண்டுள்ள சோகோ நிறுவனம், சிறு, நடுத்தரக் கடைகளுக்கான ஜாக்யா என்னும் விற்பனை மென்பொருளை 2024-இல் வெளியிட்டது.

பயன்பாட்டு வளர்ச்சி

முடக்கத்தால் வணிகம் சுருங்கிய 2020 ஏப்ரலில் இந்தியா முழுவதும் ஏறத்தாழ 100 கோடி யுபிஐ பரிமாற்றங்கள் நிகழ்ந்தன. இவ்வெண்ணிக்கை 2020 அக்டோபரில் 200 கோடியையும், 2023 ஆகத்தில் 1000 கோடியையும், 2025 ஆகத்தில் 2000 கோடியையும் கடந்தது. தனியாட்களுக்கு இடையிலான பரிமாற்றங்களும் இதில் அடங்கும்.

சிறு கடைகளையும் இணைய வணிகத்தில் சேர்க்கும் நோக்குடைய ஓஎன்டிசி வலையமைப்பின் சோதனை ஓட்டம் 2022 ஏப்ரலில் ஐந்து நகரங்களில் தொடங்கியது. அவற்றுள் கோயம்புத்தூரும் ஒன்று.

சிக்கல்கள்

* பணம் செலுத்தியதாகப் போலித் திரைப்படம் காட்டி ஏமாற்றுதல். வரவை உரக்க அறிவிக்கும் ஒலிபெருக்கிப் பெட்டி இதற்குத் தீர்வாகப் பரவியது.
* வலையமைப்புத் தடை. 2025 மார்ச் 26, ஏப்ரல் 12 ஆகிய நாட்களில் நாடு முழுவதும் யுபிஐ சேவை தடைப்பட்டது.
* வரி அச்சம். 2025 சூலையில் கருநாடகத்தில் யுபிஐ வரவுகளின் அடிப்படையில் சிறு வணிகருக்குச் சரக்கு, சேவை வரி அறிவிப்புகள் அனுப்பப்பட்டன. அதனால் சிலர் மீண்டும் ரொக்கத்துக்குத் திரும்பினர்.
* போட்டி. வீட்டிலிருந்தே பொருள் கேட்கும் பழக்கம், நகரங்களில் சில நிமிடங்களில் பொருள் சேர்க்கும் பெருநிறுவனச் செயலிகளுக்கும் வழிவகுத்தது. அவை தரும் தள்ளுபடிகளுக்குச் சிறு கடைகளால் ஈடுகொடுக்க இயல்வதில்லை.

மாதச் சம்பளம் வரும்வரை கடனுக்குப் பொருள் தரும் கணக்கு நோட்டு முறை சிறு மளிகைக் கடைகளின் தனித்தன்மையாகும். க்யூஆர் அட்டை வந்த பின்னரும் பல கடைகளில் இம்முறை தொடர்கிறது. பழைய பாக்கியைத் தீர்க்கவும் வாடிக்கையாளர் அதே அட்டையைப் பயன்படுத்துகின்றனர்.