கப்பலைவிட்டு இறங்கும் ஆசை

ரசிகர்கள் வருடக்கணக்காகக் கேட்கும் வசதியை ஓர் ஆன்லைன் ஆட்டத்தில் சேர்ப்பதால் பயன் உண்டா? கொடுத்துச் சூடுபட்ட ஆட்டம் ஒன்று, கொடுக்காமல் சூடுபட்ட ஆட்டம் ஒன்று என இரண்டை எடுத்துக்கொள்வோம். ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003இல் வெளியிட்ட விண்வெளி ஆட்டம் ஈவ் ஆன்லைன். யூபிசாஃப்டின் சிங்கப்பூர் ஸ்டூடியோ உருவாக்கி 2024 பிப்ரவரியில் வெளிவந்த கடற்கொள்ளை ஆட்டம் ஸ்கல் அண்ட் போன்ஸ். இரண்டிலும் ஆட்டக்காரர் பெரும்பாலும் கப்பலாகவே வாழ்கிறார். இரண்டிலும் எழுந்த கோரிக்கை, கப்பலைவிட்டு இறங்க வேண்டும் என்பது.

ஈவ் 2011 ஜூனில் இணங்கியது. விண்வெளி நிலையமெங்கும் நடக்கலாம் என்று காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது ஒற்றை அறை: ஒரு சோஃபா, சில திரைகள், நிலையத்துக்குள் அழைத்துச் செல்லாத ஒரு கதவு. நண்பர்களைக்கூட உள்ளே அழைக்க முடியாது. கூடவே, கதாபாத்திரத்துக்கு மாட்டிவிடும் ஒற்றைக்கண் கண்ணாடி 60 டாலருக்கு மேல் விலைக்கு வந்தது. கொதித்தவர்கள் ஆட்டத்துக்குள் இருக்கும் ஜிட்டா சந்தையில் திரண்டு அங்கிருந்த நினைவுச்சின்னத்தைச் சுட்டார்கள். அக்டோபரில் சிசிபி ஊழியர்களில் ஐந்தில் ஒரு பங்கினரைக் குறைத்தது. நவம்பரில் வந்த குரூசிபிள் பதிப்பு கப்பல்களுக்கே திரும்பி, கிடப்பில் கிடந்த சின்னச்சின்னக் குறைகளைத் தீர்த்தது, வரவேற்பும் பெற்றது. அந்த அறை 2017இல் நீக்கப்பட்டது.

சிங்கப்பூர் ஆட்டத்தில் கதை தலைகீழ். எதிரிக் கப்பலை அடித்து நொறுக்கிக் கொக்கி வீசினால், குட்டிக் காணொளி ஓடும். பிறகு கொள்ளைப் பொருள்களின் பட்டியல். வாளோடு பாய வழியில்லை. இதே ஸ்டூடியோ பங்களித்த பிளாக் ஃபிளாக் ஆட்டத்தில் 2013லேயே அதைச் செய்து பழகியவர்களுக்கு இது ஏமாற்றம். பலர் ஒரே கடலில் ஆடும்போது ஒருவர் எதிரிக் கப்பலின் தளத்தில் சண்டையிட்டால் அவர் கப்பலை யார் காப்பது என்ற சிக்கல் நிஜமானது. ஆனாலும் கொள்ளையின் உச்சக்கட்டமே அங்கேதான் இருக்கிறது.

ஆக, கோரிக்கையின் வயதை வைத்து முடிவெடுக்க முடியாது. வசதி வந்து ஒரு மாதம் கழித்தும் ஆட்டக்காரர் அதில் என்ன செய்வார் என்று கேட்க வேண்டும். ஈவின் அறையில் உட்காரலாம், அவ்வளவுதான். எதிரிக் கப்பலில் ஏறுவதோ ஒவ்வொரு மோதலிலும் பயன்படும். பணமும் ஆளும் ஒன்றுக்குத்தான் போதுமென்றால், இரண்டாவதற்கே செலவிடலாம்.