ஒரே பாடம், இரண்டு வகுப்பு: தமிழ்ச் சபைகளில் சிறுவர் வேதபாடமும் பெரியவர் வேதபாடமும் பிரிந்த வரலாறு

ஞாயிறு ஆராதனையில் பிரசங்கம் தொடங்குவதற்கு முன் பிள்ளைகள் எழுந்து பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவது இன்று பல சபைகளில் வழக்கம். வேறு சில சபைகளில் ஆராதனைக்கு ஒரு மணி நேரம் முன்பே ஞாயிறு பள்ளி முடிந்துவிடும். எப்படியானாலும் பிள்ளைக்கு ஒரு பாடம், பெற்றோருக்கு வேறொரு பிரசங்கம். வீடு திரும்பியபின் இருவரும் பேசிக்கொள்ளப் பொதுவான வேதபகுதி இருப்பது அபூர்வம். இந்த ஏற்பாடு திருச்சபையோடு கூடவே பிறந்தது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் இதற்கு வயது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுதான். அதற்கு முந்தைய முந்நூற்றைம்பது ஆண்டுகள் தமிழ்க் கிறிஸ்தவர்களில் சிறியவரும் பெரியவரும் பெரும்பாலும் ஒரே பாடத்தையே படித்தார்கள். பல இடங்களில் பெரியவர்களுக்கு அதைக் கொண்டுசேர்த்தவர்கள் பிள்ளைகள்தான் என்பதை இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

முதல் சான்று முத்துக்குளித்துறையிலிருந்து கிடைக்கிறது. 1530களில் திருமுழுக்குப் பெற்ற பரதவர்களுக்குச் சில ஆண்டுகள்வரை மறைக்கல்வி தர ஆளில்லை. 1542இல் அங்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்த சிலரின் உதவியோடு சிலுவை அடையாளம், விசுவாச அறிக்கை, பரலோக மந்திரம், மங்கள வார்த்தை மந்திரம், பத்துக் கட்டளைகள் ஆகியவற்றைத் தமிழில் ஆக்கி மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு ஊரைச் சுற்றிப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டி நாளுக்கு இருமுறை சொல்லிக்கொடுத்தார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து ரோமில் இருந்த தோழர்களுக்கு எழுதிய கடிதத்தில், பிள்ளைகள் தாம் கற்றதைத் தாய் தந்தைக்கும் வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் கற்பிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்ததைக் குறிப்பிடுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண், பெண், சிறியவர், பெரியவர் எல்லாரும் ஓரிடத்தில் கூடி ஒரே வரியை ஒரே குரலில் திரும்பச் சொன்னார்கள். அவர் அடுத்த ஊருக்குப் போனபின் பணியைத் தொடர்ந்தவர்கள் ஊர்தோறும் நியமிக்கப்பட்ட கணக்கப்பிள்ளைகள்.

இது வேதபாடமா, வெறும் ஜெப மனனமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. அர்த்தம் விளக்கப்படாத மனனம் நெடுநாள் நிற்காது என்பதைச் சவேரியாருக்குப் பின் வந்தவர்களே உணர்ந்தார்கள். அன்றிக் அன்றிக்கசு அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கம் கொண்ட சிறு ஞானோபதேச நூல். இந்திய மொழி எழுத்தில் அச்சான முதல் நூல்களின் வரிசை அதிலிருந்துதான் தொடங்குகிறது. மறு ஆண்டு கொச்சியில் வந்த ‘கிரீசித்தியானி வணக்கம்’ அதைவிட விரிவானது, வினா விடையாக அமைந்தது. தமிழ் அச்சுக் கலை வேதபாடத் தேவையிலிருந்து பிறந்தது என்று சொன்னால் மிகையாகாது. பிறகு 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதியபோது, கற்பிக்கும் உபதேசியாரையே ஒழுங்குபடுத்தும் நூலும் தமிழுக்குக் கிடைத்தது.

சீர்திருத்தச் சபையின் கதை தரங்கம்பாடியில் தொடங்குகிறது. 1706 ஜூலையில் ஜெர்மானிய மிஷனரிகளான சீகன்பால்குவும் புளூட்சோவும் வந்திறங்கினர். அவர்கள் உருவான ஹாலே நகரக் கல்வி நிலையங்களுக்குப் பின்னால் ஜெர்மானியப் பக்தி இயக்கம் இருந்தது. சாதாரண விசுவாசிகள் சிறு குழுக்களாகக் கூடித் தாங்களே வேதத்தை வாசித்துப் பேச வேண்டும் என்று அந்த இயக்கத்தின் முன்னோடியான ஸ்பேனர் 1675இலேயே எழுதியிருந்தார். லுத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசமும் குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்கு எளிமையாய்க் கற்றுக்கொடுப்பதற்காக அமைந்த நூல். ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் அதன் அர்த்தம் என்ன என்ற கேள்வி வரும். சொல்லித் தருபவர் தகப்பன், கேட்பவர்கள் மனைவி, மக்கள், வேலையாட்கள். இந்த நூல் தமிழாகித் தரங்கம்பாடிப் பள்ளிகளில் மையப் பாடமாயிற்று.

சீகன்பால்கு தமிழ் கற்ற முறை பலமுறை சொல்லப்பட்டது என்றாலும் இங்கே நின்று பார்க்கத் தக்கது. வயதான ஒரு பள்ளி ஆசிரியரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார் அந்த இருபத்து நான்கு வயது இளைஞர். போதிக்க வந்தவர் முதலில் உட்கார்ந்தது அரிச்சுவடி வகுப்பில். அடுத்த ஆண்டே பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கினார். 1708இல் தொடங்கிய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை 1711இல் முடித்தார். 1714 முதல் 1715 வரை அது அச்சாயிற்று. அச்சுப் பிரதி எல்லாருக்கும் எட்டாத அந்தக் காலத்தில் அவருடைய பிரசங்கங்கள் ஓலையில் எழுதப்பட்டு உபதேசியார்கள் கைக்குப் போயின. அவர் காலத்துத் தமிழ் ஓலைகளை ஹாலேயின் பிராங்கே நிறுவனம் இன்றும் பாதுகாக்கிறது. பிற்காலத்தில் திருநெல்வேலிச் சபைகளில் பிரசங்கம் நடக்கும்போதே எழுத்தாணியால் ஓலையில் குறிப்பெடுக்கும் வழக்கமும் இருந்தது. கேட்பவர் கையில் எழுதுகருவி இருந்த ஆராதனை அது.

மணலில் எழுதும் அந்தத் திண்ணைப் பள்ளி முறை இதன்பின் மேற்கொண்ட பயணம் இந்த வரலாற்றிலேயே வியப்பான பகுதி. 1789இல் சென்னை எழும்பூரில் இராணுவ ஆண் அனாதைப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், ஒரு நாள் காலையில் வழியில் இருந்த தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். தம் பள்ளியில் அதைச் செய்து பார்க்க ஆசிரியர்கள் இசையவில்லை. எனவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கடைநிலை வகுப்புக்கு ஆசிரியனாக்கினார். படித்த பிள்ளை படிக்காத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை முறை நம் திண்ணைப் பள்ளி ஆசிரியர்களான அண்ணாவிகளுக்குப் புதிதன்று. பெல் இதை 1797இல் லண்டனில் நூலாக்கினார். அது ‘மெட்ராஸ் முறை’ என்று பெயர் பெற்றது. 1811இல் இங்கிலாந்துத் திருச்சபை ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய தேசியச் சங்கப் பள்ளிகள் இந்த முறையில்தான் ஞானோபதேசத்தையும் வேதத்தையும் கற்பித்தன. பெல் பின்னாளில் கண்டுபிடிப்பு முழுவதும் தம்முடையதே என்பதுபோல எழுதியது வருத்தம் தருவது. சென்னைத் தெருவோரப் பள்ளியில் பாடம் நடத்திய அந்த ஆசிரியரின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

அதே காலத்தில் இங்கிலாந்தில் ஞாயிறு பள்ளி இயக்கம் வளர்ந்தது. குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் 1780இல் தொடங்கிய பள்ளி, வாரம் முழுவதும் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிறன்று எழுத்து கற்றுத்தந்தது. வேதாகமமே வாசிப்புப் புத்தகம். ஆனால் வேல்ஸ் நாட்டில் தாமஸ் சார்ல்ஸ் முதலானோர் வளர்த்த ஞாயிறு பள்ளி வேறு வகை. அங்கே பாட்டியும் பேரனும் அவரவர் வகுப்பில், ஒரே கூரையின்கீழ் படித்தார்கள். மேரி ஜோன்ஸ் என்ற பெண் 1800இல் வேதாகமம் வாங்க நெடுந்தூரம் நடந்து சார்ல்ஸிடம் வந்ததும், அத்தகைய வாசகர்களின் பசியைக் கண்டு 1804இல் வேதாகமச் சங்கம் உருவானதும் இந்தச் சூழலில்தான். அந்தச் சங்கத்தின் சென்னைக் கிளை 1820இல் அமைந்தது.

அதே 1820இல் மிஷனரி ரேனியஸ் பாளையங்கோட்டை வந்தார். அவர் காலத்திலும், 1841இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் காலத்திலும் திருநெல்வேலிக் கிராமங்களில் வேதபாடத்தின் அச்சாணி மாலை ஜெபம். பனைத் தொழிலும் வயல் வேலையும் முடித்து வந்தவர்கள் ஜெப வீட்டில் கூடுவார்கள். பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது. உபதேசியார் ஒரு வசனத்தைச் சொல்ல, கூட்டம் திரும்பச் சொல்லும். பிறகு கேள்வி, பிறகு பதில். ஞாயிறு பிரசங்கத்தின் நடுவிலும் குருவானவர் கேள்வி கேட்பார். சபையார் எழுந்து பதில் சொல்வார்கள். பகலில் பள்ளியில் அதே பாடத்தைப் படித்த பிள்ளை மாலையில் தகப்பன் அருகில் உட்கார்ந்து முந்திக்கொண்டு ஒப்புவிப்பதைத் தடுக்க யாருக்கும் மனம் வந்திராது.

இந்தக் கூட்டுக் கல்வியை இலட்சியமாக்கிக் காட்டுவது என் நோக்கமன்று. ஒரே பாடம் என்றதால் எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள் என்று பொருளில்லை. தஞ்சாவூரிலும் தரங்கம்பாடியிலும் ஆலயத்தில் சாதிவாரியாக இடம் பிரிந்திருந்தது. பேராயர் டேனியல் வில்சன் 1833இல் அதை நீக்கச் சொன்னபோது தஞ்சைச் சபையில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. பிரிந்து உட்காரும் வழக்கத்துக்காக வாதாடியவர்களில் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். வேதபாடத்தைப் பாட்டாகவும் கூத்தாகவும் மக்களிடம் கொண்டுபோனதில் அவருக்கு இணையில்லை என்பதும் அவரைப் பற்றிய உண்மையே. மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரால் சிறுவயதில் தஞ்சைக்கு அழைத்துவரப்பட்டு, ஆசிரியராகி, பின்பு சரபோஜி மன்னரின் ஆதரவும் பெற்ற அவர் 1800 அளவில் இயற்றிய ‘பெத்லகேம் குறவஞ்சி’, தெருவில் எல்லாரும் அறிந்த குறத்தியையும் சிங்கனையும் வைத்து வேதக் கதையைச் சொன்னது. புவியியலும் வானியலும்கூட அதற்குள் வந்தன. எட்டு வயதும் எண்பது வயதும் சேர்ந்து கேட்கும் வடிவம் அது. எட்வர்டு வெப் மதுரை மிஷனிலிருந்து 1853இல் கீர்த்தனைத் தொகுப்பு வெளியிட்டபோது சாஸ்திரியாரின் பாடல்கள் அதில் முக்கிய இடம் பெற்றன. அவர் பாடல்களை ஆலயத்தில் பாட விடாமல் சில மிஷனரிகள் தடுத்த காலமும் அதற்கு முன்பு இருந்தது.

வினா விடை முறையின் வலிமையைச் சைவத் தரப்பினரும் நன்கு புரிந்துகொண்டார்கள் என்பதற்கு யாழ்ப்பாணம் சாட்சி. மிஷனரி பீட்டர் பெர்சிவலோடு தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் பணியாற்றிய ஆறுமுக நாவலர், அதே கருவிகளைச் சைவத்துக்காகக் கையில் எடுத்தார். வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் 1847 டிசம்பர் 31 முதல் வெள்ளிக்கிழமைப் பிரசங்கம், 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலை, பின்னர் பாலபாடங்கள், சைவ வினாவிடை. கோயில் பிரசங்கமும் பள்ளிப் பாடநூலும் அவருக்கு ஒரே திட்டத்தின் இரு கைகள்.

பிரிவு எப்போது வந்தது? 1872இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் மாநாட்டில் ஞாயிறு பள்ளிகளுக்குப் பொதுப் பாடத்திட்டம் ஏற்கப்பட்டபோது அதன் கொள்கையே எல்லா வயதினருக்கும் அந்தந்த ஞாயிறில் ஒரே வேதபகுதி என்பதுதான். ஏழு ஆண்டுகளில் வேதாகமம் முழுவதையும் தொடும்படி பாடங்கள் வகுக்கப்பட்டன. 1876இல் இந்திய ஞாயிறு பள்ளிச் சங்கம் உருவானபோது இந்த ஒழுங்கு உலகெங்கும் பரவிக்கொண்டிருந்தது. பிறகு குழந்தை உளவியல் வளர்ந்தது. ஆறு வயதுக்கும் பதினாறு வயதுக்கும் ஒரே பகுதி பொருந்துமா என்று ஆசிரியர்கள் கேட்டார்கள். 1908இல் வயதுவாரிப் பாடத்திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. கற்பித்தலில் அது முன்னேற்றம் என்பதில் எனக்கு ஐயமில்லை. சிறு பிள்ளைக்கு லேவியராகமத்தின் பலி விதிகளைச் சொல்லி என்ன பயன்? ஆனால் பிள்ளைக்கான பாடம் மெருகேறிக்கொண்டே போக, பெரியவருக்கான பாடம் மெல்ல மறைந்து பிரசங்கம் மட்டும் மிஞ்சியது. கேள்வியும் பதிலும் பிள்ளைகளின் அறைக்குப் போய்விட்டன. சபையார் கேட்போர் ஆனார்கள்.

கத்தோலிக்கத் தரப்பிலும் கவனம் பிள்ளைகள் பக்கம் திரும்பியது. திருத்தந்தை பத்தாம் பயஸ் 1905இல் எழுதிய மடலில் ஞாயிறுதோறும் சிறுவர் மறைக்கல்வியைக் கட்டாயமாக்கினார். அதே மடலில் பெரியவர்களுக்கும் போதனை தரச் சொன்னார். 1910இல் புதுநன்மை வயதை ஏறத்தாழ ஏழாகக் குறைத்தபின் சிறுவர் வகுப்பே பெருகியது. பெரியவர் கையில் விவிலியம் பரவலாக வந்தது இறைவெளிப்பாடு பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ஏட்டுக்குப் பிறகு. திண்டிவனத்து விவிலிய, மறைக்கல்வி நடுநிலையத்தின் பணியும், கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து உருவாக்கி 1995இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பும், வீடு வீடாகக் கூடும் அன்பியங்களும் அந்த வழியில் வந்தவை. அன்பியக் கூட்டத்தில் ஒருவர் நற்செய்திப் பகுதியை வாசிக்க, பத்துப் பேர் தம் வாழ்க்கையோடு பொருத்திப் பேசுகிறார்கள். பெரியவர்கள் மீண்டும் வாய் திறந்த இடம் அது.

சீர்திருத்தச் சபைகளில் கோடை விடுமுறை வேதாகமப் பள்ளி இன்று மிகப் பெரிய சிறுவர் நிகழ்ச்சி. இதன் வேர் 1898இல் நியூயார்க்கில் எலைசா ஹாஸ் என்ற பெண்மணி தெருப் பிள்ளைகளுக்காக ஒரு மதுக்கூடத்தை வாடகைக்கு எடுத்து நடத்திய வகுப்பில் இருக்கிறது. நம் ஊர்களில் ஏப்ரல், மே மாதங்களில் செய்கைப் பாட்டு, மனப்பாட வசனம், கைவேலை, கடைசி நாள் பவனி என்று ஊரே அறிய நடக்கிறது. கிறிஸ்தவரல்லாத வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள். அந்தப் பத்து நாள் முழுவதும் பிள்ளை படித்த பாடம் என்ன என்பது பெற்றோருக்குக் கடைசி நாள் மேடையில்தான் தெரியவருகிறது.

இந்த வரலாற்றிலிருந்து நடைமுறைக்கு ஒன்றை முன்வைக்கலாம். வயதுவாரிப் பாடத்தைக் கைவிடத் தேவையில்லை. 1872இன் கொள்கையில் பாதியை மீட்டால் போதும். மாதத்தில் ஒரு ஞாயிறாவது பிரசங்கப் பகுதியும் ஞாயிறு பள்ளிப் பகுதியும் ஒன்றாக இருக்கட்டும். அந்த வாரத்து வீட்டு ஜெபக் கூட்டத்தில் அதே பகுதியைப் பற்றிய கேள்விகளைப் பிள்ளைகள் கேட்க, பெரியவர்கள் பதில் சொல்லட்டும். இதற்குப் புதுப் புத்தகமோ பணமோ வேண்டாம். ஆயரும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு மாலை உட்கார்ந்து பன்னிரண்டு பகுதிகளைத் தேர்ந்தெடுத்தால் போதும்.