மேசை வேடமேற்பு விளையாட்டுகளில் மாற்று விதிமுறைகள்

1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்', வணிக நோக்கில் வெளிவந்த முதல் மேசை வேடமேற்பு விளையாட்டாகக் கருதப்படுகிறது. ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராகப் பேசிச் செயல்படுவர். அவர்தம் முயற்சியின் வெற்றி தோல்வியைப் பகடை தீர்மானிக்கும்.

இதற்கு மாற்று அடுத்த ஆண்டே தோன்றியது. மூல விதிகள் குழப்பமானவை என்று கருதிய கென் செயின்ட் ஆண்ட்ரே, 1975-இல் 'டனல்ஸ் அண்டு ட்ரோல்ஸ்' விளையாட்டை வெளியிட்டார். இதற்குச் சாதாரண ஆறுமுகப் பகடைகளே போதும். 1978-இல் வந்த 'ரூன்குவெஸ்ட்', வீரர், மந்திரவாதி போன்ற வகைகளையும் படிநிலைகளையும் கைவிட்டு, திறன்களை விழுக்காட்டில் அளந்தது. 1981-இல் வந்த 'கால் ஆஃப் கதூலு'வில் சண்டையைவிடத் துப்பறிதலே முதன்மை. கதைமாந்தர் அச்சத்தால் மனநிலை குலைவதற்கும் அதில் விதி உண்டு. விதி மாறும்போது கதையும் மாறுகிறது என்பதை இவை காட்டின.

2000-இல் வழங்கப்பட்ட திறந்த உரிமத்தை நம்பிப் பிற பதிப்பாளர்களும் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' விதிகளைக்கொண்டு நூல்கள் வெளியிட்டனர். 2023 சனவரியில் அவ்வுரிமத்தை மாற்ற முயன்ற விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், கடும் எதிர்ப்பால் பின்வாங்கியது. ஆயினும், ஒரே நிறுவனத்தின் விதிகளைச் சார்ந்திருப்பதன் ஆபத்தை உணர்ந்த பதிப்பாளர் சிலர், அதற்குள் சொந்த விதிமுறைகளை உருவாக்கத் தொடங்கியிருந்தனர்.