பத்திரம் இல்லாதவன் ஜெயித்த வழக்கு

நில ஆவணங்களை நாம் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் புரட்டுகிறோம். நிலம் யார் பேரில் இருக்கிறது? காகிதத்தில் பேர் இருந்தால் சொந்தம், இல்லையென்றால் இல்லை. இந்த நம்பிக்கையை ஒரு குடும்பத்தின் காகிதங்களோடு உரசிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. அமெரிக்காவின் தெற்கே, மிசிசிப்பி ஆறு பெரிதாக வளைந்து திரும்பும் ஓரிடத்தில், விக்ஸ்பர்க் நகருக்குக் கீழே பருத்தித் தோட்டங்கள் வைத்திருந்த டேவிஸ் குடும்பம் அது. அண்ணன் ஜோசப். இருபத்து நாலு வயது இளைய தம்பி ஜெஃபர்சன். 1861இல் அடிமைமுறையைக் காப்பாற்றிக்கொள்ளப் பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்புக்கு ஜனாதிபதியானவர் இந்தத் தம்பிதான்.

அண்ணனுடைய தோட்டம் ஹரிகேன். அதையொட்டி முட்புதர் மண்டிக் கிடந்த நிலத்தை 1830களில் தம்பிக்கு விட்டுக்கொடுத்தார் ஜோசப். முள்ளை வைத்தே அதற்கு பிரையர்ஃபீல்ட் என்று பேர் வந்தது. விட்டுக்கொடுத்தாரே தவிர எழுதிக்கொடுக்கவில்லை. தகப்பன் ஸ்தானத்தில் இருக்கிற அண்ணன், பத்திரம் எதற்கு? தம்பி வீடு கட்டினார், விளைச்சலை விற்றார், அரசியலுக்குப் போனார். முள்ளை வெட்டி வயலாக்கியவர்கள் அடிமைகள். 1850இல் சாகும்வரை அந்த வேலையை மேற்பார்த்த ஜேம்ஸ் பெம்பர்ட்டனும் அடிமைதான். 1860 கணக்கெடுப்பில் ஜெஃபர்சன் பேரில் 113 அடிமைகள் வருகிறார்கள். அந்தக் கணக்கில் வயது உண்டு, ஆணா பெண்ணா என்பது உண்டு, நிறம் உண்டு. பேர் மட்டும் கிடையாது. பேர் எழுதும் கட்டம் எஜமானனுக்கு மட்டும்.

போர் வந்தது, எஜமானர்கள் ஓடினார்கள். நிலம் வடக்கத்தி ராணுவத்தின் கையிலும் பிறகு விடுதலையானோர் நல அலுவலகத்தின் கையிலும் வந்தது. 1865இல் அந்த வளைவு முழுவதையும் கறுப்பர்களே சிறுசிறு குழுக்களாகப் பிரித்துக்கொண்டு உழுதார்கள். ஏறத்தாழ 1,60,000 டாலர் லாபம் பார்த்தார்கள். எஜமானன் இல்லாவிட்டால் இவர்களுக்கு வேலை ஓடாது என்ற பேச்சுக்கு அந்த ஒரு அறுவடை போதுமான பதில். ஆனால் அறுவடைக் கணக்கு நில உரிமை ஆகாதே. ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சனின் மன்னிப்புகளால் தோட்டங்கள் பழைய முதலாளிகளுக்கே திரும்பிக்கொண்டிருந்தன.

பத்திரம் எழுதாமல் விட்டது இந்த இடத்திலேதான் குடும்பத்துக்குக் கை கொடுத்தது. ஜெஃபர்சன் அப்போது சிறையில். அவருடைய நிலம் என்றால் திரும்பக் கிடைப்பது கஷ்டம். ஜோசப் சொன்னார்: பிரையர்ஃபீல்டுக்கு நான் யாருக்கும் பத்திரம் எழுதித் தரவில்லை, அது என் நிலம். நிலம் திரும்பி வந்தது. அதாவது ராஜத்துரோகியின் நிலத்தை மீட்டது ஒரு பத்திரம் இல்லாமை.

1866இல் ஜோசப் இரண்டு தோட்டங்களையும், ஏறத்தாழ 4,000 ஏக்கர், 3,00,000 டாலருக்கு விற்றார். வாங்கியவர் பெஞ்சமின் மான்ட்கமரி. ஹரிகேனில் முப்பது வருஷம் அடிமையாக இருந்தவர். கணக்கு எழுதினார், கடை நடத்தினார், இயந்திரம் பழுது பார்த்தார். படகுக்கு ஒரு புதுவிதச் சுழலி கண்டுபிடித்தார். அடிமை என்பதால் பேட்டன்ட் கிடைக்கவில்லை. 1861இல் தெற்கத்திக் கூட்டமைப்பு தனக்கென்று ஒரு பேட்டன்ட் சட்டம் போட்டுக்கொண்டது. அடிமை கண்டுபிடித்தால் எஜமானன் தன் பேரில் உரிமை வாங்கலாம் என்றது அது. கை அடிமையுடையது, மூளை அடிமையுடையது, கணக்கு எஜமானனுடையது. இந்த வாக்கியத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கில் இதேதான் வேறு வேஷத்தில் வருகிறது.

விற்பனையை முதலில் வெளியே சொல்லவில்லை. ஊர் எல்லைக்கு வெளியே கறுப்பர்கள் நிலம் குத்தகைக்கு எடுக்கவே கூடாது என்று 1865இல் சட்டம் போட்ட மாநிலம் அது. 1867 வெள்ளத்தில் ஆறு தன் பாதையை வெட்டிக்கொண்டது, தோட்டம் தீவாகிப்போனது. இருந்தும் மான்ட்கமரி குடும்பம் விவசாயத்தை விடவில்லை.

1870இல் ஜோசப் செத்தார். உயிலில் பிரையர்ஃபீல்டைத் தம்பிக்கு வைக்கவில்லை. 1874இல் ஜெஃபர்சன் வழக்குப் போட்டார். கீழ்க்கோர்ட்டில் தோற்றார். 1878இல் மிசிசிப்பி உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. காரணம், எதிரிடை அனுபோகம். சட்டம் கேட்கிற வருஷங்களுக்கு மேல் தனக்கே சொந்தம் என்கிற மாதிரி நிலத்தைச் சுவாதீனத்தில் வைத்திருந்தார், ஆகவே நிலம் அவருடையது.

சரி, சுவாதீனம்னா என்ன? முள் வெட்டுவது, உழுவது, வேலி போடுவது, அறுப்பது. இதையெல்லாம் யார் செய்தார்கள்? 113 பேரில்லாத வரிகள் செய்தன. ஜெஃபர்சன் பல வருஷம் வாஷிங்டனில் இருந்தார். செனட்டராகவும் போர் அமைச்சராகவும் அவர் அங்கே உட்கார்ந்திருந்தபோதும் நிலம் அவருடைய அனுபோகத்தில்தான் இருந்ததாம். அடிமையின் உடம்பு எஜமானனுடைய நீட்டிய கை என்று சட்டம் எடுத்துக்கொண்டால்தான் இந்த அர்த்தம் நிற்கும். அடிமைமுறை 1865இல் ஒழிந்தது. அந்த உடல்களின் உழைப்பை எஜமானன் பேரில் வரவு வைக்கும் கணக்கு 1878இலும் செல்லுபடியானது.

மான்ட்கமரி கடனைக் கட்டவில்லை, நிலம் போச்சு, இதிலே அநியாயம் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1870களில் பருத்தி விலை சரிந்தது, வட்டி நிலுவையானது, 1877இல் பெஞ்சமின் இறந்தார், 1881இல் அடமானம் முழுகிப்போனது, பிரையர்ஃபீல்ட் ஜெஃபர்சன் கைக்கு வந்தது. எல்லாம் சட்டப்படிதான். நான் பார்ப்பது கணக்கு எந்த வருஷத்தில் தொடங்குகிறது என்பதை. ஜெஃபர்சனுக்குக் கணக்கு 1830களிலிருந்து ஓடுகிறது; இருந்த வருஷமெல்லாம் உரிமையாகிறது. மான்ட்கமரிக்கோ 1866இல்தான் தொடங்குகிறது, அதுவும் கடனாளியாக. முந்தைய முப்பது வருஷம் எந்தப் பேரேட்டிலும் இல்லை. தாங்களும் தங்கள் கூட்டாளிகளும் வயலாக்கிய நிலத்தை, வயலான நிலத்தின் விலை கொடுத்து அவர்கள் வாங்க வேண்டியிருந்தது.

பெஞ்சமினின் மகன் ஐசாயா 1887இல் மவுண்ட் பாயு என்ற கறுப்பர் ஊரை உருவாக்கினார். காட்டை வெட்டுவதிலிருந்து மறுபடியும் ஆரம்பம். இந்த முறை வெட்டியவர் பேரிலேயே பத்திரம். 1890இல் கறுப்பர்களின் ஓட்டைப் பிடுங்கிய மாநில அரசியல் சட்டத்துக்கு அதே ஐசாயா, சபையில் இருந்த ஒரே கறுப்பர், ஆதரவாக ஓட்டுப் போட்டார். இதைத் துரோகம் என்று எழுதிவிட்டு நகர்வது சுலபம். ஓட்டைக் கொடுத்து நிலத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று அவர் கணக்குப் போட்டிருக்கலாம் என்றே நான் வாசிக்கிறேன். தன் குடும்பத்தின் பத்திரம் என்ன ஆனது என்று பார்த்தவர் அவர். பத்திரம் எப்போது செல்லும், எப்போது செல்லாது என்று தீர்மானிக்கிற கோர்ட்டும் சட்டசபையும் ஓட்டால் ஆனவை என்பது அவருக்கா தெரியாது? தெரிந்தும் கொடுத்தார் என்றால், அன்றைய மிசிசிப்பியில் ஒரு கறுப்பர் கையில் பேரம் பேச வேறென்ன மிச்சமிருந்தது என்பதைத்தான் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.